உலக வரலாற்றுக் கல்வியில் நினைவும் காரணமும்
(1453ஆம் ஆண்டு பற்றிய ஓர் ஆராய்ச்சி)

உலக வரலாற்றைக் கற்பிக்குங்கால் எழும் இடர்ப்பாடுகள் இரண்டு. ஒன்று, கற்ற செய்தி நினைவில் நில்லாமை. மற்றொன்று, நினைவில் நின்ற செய்தி உண்மையாய் இல்லாமை. முன்னையதனைப் போக்கப் பலரும் முயல்வர். பின்னையதனை நோக்குவார் சிலரே. நினைவிற்கு எளிதாகும்பொருட்டுக் கோக்கப்பட்ட காரணத்தொடர் உண்மையைத் திரிக்குமாயின், அந்நினைவு ஊதியமன்று, இழப்பேயாகும். இதனை 1453ஆம் ஆண்டு ஒன்றையே சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

1453 மே 29ஆம் நாள், இரண்டாம் மெகமதுவின் படை ஏழு வாரத்திற்கு மேற்பட்ட முற்றுகையின் பின்னர்க் கான்ஸ்டாண்டிநோபிள் நகரைக் கைப்பற்றியது. இந்நிகழ்ச்சியைப் பாடநூல்கள் பல பின்வருமாறு தொடுத்துக் கூறுகின்றன. நகரம் வீழ்ந்தமையால் கிரேக்க அறிஞர் இத்தாலிக்கு ஓடினர். அதனால் மறுமலர்ச்சி பிறந்தது. துருக்கியர் வணிக வழியை அடைத்தனர்; அதனால் ஐரோப்பியர் கடல்வழி தேடினர்; 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தார். அந்தாதி போல ஒன்றன் இறுதி மற்றொன்றன் முதலாக அமைதலின், ஒருகால் கேட்டார்க்கும் இத்தொடர் மறவாது. ஆயின், அது பொருந்துமா என்பதே வினா.

ஆண்டுகளை நிரல்பட நிறுத்தினாலே விடை தோன்றும். மானுவேல் கிரிசொலொராஸ் என்னும் பைசாந்திய அறிஞர் பிளாரன்சு நகரில் கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கியது 1397இல். நகரம் வீழ்வதற்கு அரை நூற்றாண்டிற்கு முன்னரே இத்தாலியர் கிரேக்கம் பயின்றனர் என்பது இதனாற் பெறப்படும். போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவின் வடகரையிலுள்ள சியூட்டாவைக் கைப்பற்றியது 1415இல். அவர்தம் கப்பல் பொஜடோர் முனையைக் கடந்தது 1434இல். காரியம் முன்னும் காரணம் பின்னும் நிகழ்தல் யாண்டும் இல்லை.

வணிக வழி அடைபட்டது என்னும் கூற்றும் ஆராய்தற்குரியது. அக்காலத்து மிளகும் பிற நறும்பொருள்களும் பெரும்பாலும் செங்கடல் வழியாக எகிப்தை அடைந்து, அலெக்சாந்திரியாத் துறையில் வெனிசு வணிகர் கைக்கு மாறின. எகிப்தும் சிரியாவும் அந்நாளில் மம்லூக்கு சுல்தான்களின் ஆட்சியில் இருந்தன. துருக்கியர் எகிப்தை வென்றதோ 1517இல். அஃதாவது, கள்ளிக்கோட்டையில் போர்த்துக்கீசியக் கப்பல் வந்து பத்தொன்பது ஆண்டு கழிந்த பின்னர். அன்றியும், நகரம் வீழ்ந்த மறு ஆண்டாகிய 1454இலேயே வெனிசு அரசு இரண்டாம் மெகமதுவோடு உடன்படிக்கை செய்து வணிக உரிமை பெற்றது. எகிப்து துருக்கியர் ஆட்சிக்குட்பட்ட பின்னரும், பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செங்கடல் வழி மிளகு வணிகம் மீண்டும் தழைத்தது. துருக்கியர் வழியடைத்தனர் என்னும் கொள்கையை லைபயர் என்னும் வரலாற்றறிஞர் 1915இலேயே மறுத்து எழுதினார். எனினும் பழைய தொடர் பாடநூல்களினின்று நீங்கவில்லை. இக்கொள்கை, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையினின்றும் வேறன்று.

அற்றேல், 1453க்குச் சிறப்பில்லையோ எனின், அற்றன்று. கருங்கடல் வணிகத்தில் ஜெனோவா நகரத்தார் பெருந்தாழ்வுற்றனர். அவர்தம் காபாத் துறை 1475இல் துருக்கியர் வசமாயிற்று. கிரேக்க நூல்கள் அழிந்துபோமோ என அஞ்சிய பெசாரியன் அவற்றைத் தேடித் தொகுத்து, 1468இல் வெனிசு அரசிற்கு அளித்தார். ஆதலின், முன்னரே தோன்றி வளர்ந்தவற்றை 1453 விரைவுபடுத்திற்று எனலாம். தோற்றுவித்தது எனல் ஆகாது. போர்த்துக்கீசியரைக் கடலிற் செலுத்தியவை மேலை ஆப்பிரிக்கப் பொன்மீது கொண்ட வேட்கை, சமயப் போர் உணர்ச்சி, பின்னர் இடைவணிகரை விலக்கி மிளகை நேரே கொள்ளும் விருப்பம் ஆகியன. இவை ஒருநாளில் எழுந்தன அல்ல.

இனி, மாணாக்கர் இதனை நினைவிற் கொள்ளுமாறு யாங்ஙனம்? தமிழிலக்கணக் கல்வியில் நூற்பாவை மனத்திற் பதித்து, உரையால் பொருள் கொள்ளும் முறை நமக்குப் பழக்கமானதே. வரலாற்றிற்கும் அம்முறை பொருந்தும். 1397, 1415, 1453, 1488, 1498, 1517 என்னும் ஆறு ஆண்டுகளே நூற்பாவாக அமைக. இவற்றுள் 1488 பார்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிய ஆண்டு. முதற்கண் மாணவர் இவ்வாறனையும் நூலை நோக்காது நிரலே எழுதுக. அடுத்து, ஒவ்வொன்றும் நிகழ்ந்த இடத்தை நிலப்படத்திற் குறிக்க. அலெக்சாந்திரியா யார் ஆட்சியில் இருந்தது என்னும் வினா நிலப்படத்தின் முன்னர்த் தானே எழும். இறுதியாக, எந்த இரண்டு ஆண்டுகளுக்கிடையே 'அதனால்' என்னும் சொல் இடத்தகும், எவற்றிடையே 'அதன்பின்' என்னும் சொல் மட்டுமே தகும் என ஆராய்ந்து உரை வரைக. இவ்விரு சொற்களின் வேறுபாட்டை உணர்ந்தவன் வரலாற்றின் வாயிலிற் புகுந்தவனாவான். சில நாள் கழித்து அவனே அவ்வுரையை மீளவும் நினைவினின்று எழுதுவானாயின், செய்தியும் நிற்கும், காரணமும் நிற்கும்.

இஃது அயல்நாட்டுச் செய்திதானே எனத் தமிழ் பயில்வார் ஒதுக்குதல் பொருந்தாது. போர்த்துக்கீசியர் வருகையைத் தொடர்ந்தே 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூல் அச்சேறியது. தமிழ் அச்சு வரலாற்றை எழுதப் புகுவோர் அக்கடற்செலவின் காரணத்தைக் கூறியே ஆகல் வேண்டும். ஆண்டுத் தொடர்ச்சியையே காரணத் தொடர்ச்சியாகக் கொள்வாராயின், துருக்கியர்மேல் அவர் செய்யாத செயலை ஏற்றுவதோடு, செங்கடலிலும் மேலைக் கடற்கரையிலும் நெடுங்காலம் வணிகம் வளர்த்த அராபியர், குசராத்தியர் முதலியோரின் முயற்சியையும் மறைப்பவராவர். பிழையான தொடர் மறவாது நிற்கும் ஆற்றலுடையது. ஆதலின் அதனை முதற் பாடத்திலேயே களைதல் ஆசிரியர் கடன்.