பழைய டிராக்டர்: வேலை பார்ப்பதா, மாற்றுவதா?

கரும்பு வெட்டு உத்தரவு வந்திருக்கும். டிரெய்லரை மாட்டி மேடு ஏற்றினால் வண்டி நீலப்புகை தள்ளும். ஆப்பக்கூடல், ஆலத்துக்கோம்பை ஆலைகளுக்குக் கரும்பு, பொள்ளாச்சியில் தேங்காய், ஈரோட்டுக்கு மஞ்சள் மூட்டை என்று கொங்கு நாட்டுப் பண்ணையத்தில் டிராக்டருக்கு உழவைப் போலவே இழுவையும் பெரிய வேலை. வண்டிக்கு வயதானால் வேலை பார்ப்பதா, மாற்றுவதா என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜின் தேய்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் வண்டியை மாற்ற வேண்டியதில்லை.

புகையின் நிறத்தைப் பாருங்கள். கருப்பு என்றால் டீசல் முழுதாக எரியவில்லை. ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பார்த்தாலே பல நேரம் சரியாகிவிடும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. பிரீதர் குழாயிலும் புகை அடித்து, ஆயில் அடிக்கடி குறைந்தால் லைனர், பிஸ்டன், ரிங் போட வேண்டிய காலம். கிராங்க் கிரைண்டிங்கும் சேர்ந்தே வரலாம். பம்பும் மில் இயந்திரமும் செய்து வளர்ந்த கோவையில் இதற்கான லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பழைய வண்டியின் டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல் என்பதால் ஊர் மெக்கானிக்கே பிரித்து மாட்டுவார். 2023 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதி வந்து, அவற்றில் எலக்ட்ரானிக் டீசல் அமைப்பு நுழைந்துவிட்டது. அதில் கோளாறு வந்தால் கம்பெனி ஆளும் அவர் கருவியும் வர வேண்டியிருக்கும்.

பின்பக்கம் போனால்தான் யோசிக்க வேண்டும். கியர் ஆயிலை இறக்கினால் இரும்புத் துகள் மினுங்குகிறதா? பாரத்தோடு மேடு ஏறும்போது பின்னச்சில் ஊளைச் சத்தம் கேட்கிறதா? கிரவுன் பினியன் பல் தேய்ந்திருக்கும். அதையாவது மாற்றலாம். கியர்பாக்ஸ் வார்ப்பில் விரிசல் விட்டு, வெல்டிங் வைத்து ஓட்டுகிற வண்டியை நான் இழுவைக்கு நம்ப மாட்டேன்.

இனி பணக் கணக்கு. ஒரு பேச்சுக்கு இப்படி வைப்போம். இன்று இருக்கிறபடியே விற்றால் பழைய வண்டி 2 லட்சம் போகும். 1.2 லட்சம் செலவழித்து 5 வருடம் ஓட்டி, பிறகு 1.2 லட்சத்துக்கு விற்கிறீர்கள். செலவும் விலைச் சரிவும் சேர்த்தால் வருடத்துக்கு 40,000. புதியது 8 லட்சம், 5 வருடம் கழித்து 4 லட்சம் என்றால் வருடத்துக்கு 80,000, வட்டி தனி. ஆனால் வெட்டு நடுவில் வண்டி படுத்தால் வாடகை வண்டிக்குக் கொடுப்பதையும் பழையதன் பக்கம் எழுத வேண்டும். அதைத்தான் பலரும் எழுதுவதில்லை. உங்கள் தொகைகளை இதில் போட்டுப் பாருங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், டயர், கியர்பாக்ஸ், கிளட்ச், பிரேக் போன்ற பாகங்களுக்கு 18லிருந்து 5 ஆகவும் குறைந்திருக்கிறது. பழைய கொட்டேஷனை வைத்து முடிவெடுக்காதீர்கள். 10 வருடமானால் டிராக்டரைக் கட்டாயம் உடைக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதும் பொய். மத்திய அரசே மறுத்துவிட்டது. விவசாய டிராக்டரின் ஆர்.சி. 15 வருடத்துக்குச் செல்லும், பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம்.

என்னைப் பொறுத்தவரை வண்டியை மாற்றச் சொல்லும் சரியான காரணம் பாரம்தான். டிரெய்லர் வருடா வருடம் பெரிதாகிறது, டிராக்டர் அதேதான். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டுமே. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால், இறக்கத்தில் மொத்தப் பாரமும் டிராக்டரை முன்னால் தள்ளும். வண்டி மடங்கித் திரும்பிவிடும். இடது, வலது பெடல்களைக் கொண்டியால் இணைக்காமல் ரோட்டில் போனால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து இழுக்கும். மேட்டில் முன்சக்கரம் தூக்குகிறது என்றால் அந்தப் பாரம் அந்த வண்டிக்கு அதிகம். புது இன்ஜின் கிட் போட்டாலும் இது எதுவும் மாறாது. ஒன்று பாரத்தைக் குறையுங்கள், இல்லை கனமான வண்டிக்குப் போங்கள்.

வேலை பார்ப்பது என்று முடிவானாலும் முதல் பணம் பிரேக்குக்கும் ஹிட்ச் பின்னுக்கும் டிரெய்லரின் பின்விளக்குக்கும் போகட்டும். இன்ஜின் வேலையை வெட்டு முடிந்த பிறகு கொடுக்கலாம். பிரேக் வேலையை மட்டும் ஒரு லோடுக்குக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.