கீழடி அகழாய்வு

கீழடி அகழாய்வு என்பது சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் வட்டத்தில், மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தொலைவில் உள்ள கீழடியில் 2015 முதல் நடைபெற்றுவரும் தொல்லியல் அகழாய்வுப் பணியாகும். வைகையின் தென்கரையையொட்டி சுமார் 110 ஏக்கர் பரப்புள்ள மண்மேடு ஒன்றில் இது நடைபெறுகிறது. சங்ககாலக் குடியிருப்பின் செங்கல் கட்டுமானங்களும் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் இங்குப் பெருமளவில் கிடைத்துள்ளன. இவற்றின் காலம் குறித்த கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை.

இடத் தேர்வு

இந்தியத் தொல்லியல் துறையின் பெங்களூரு அகழாய்வுப் பிரிவு 2013-14 ஆம் ஆண்டுகளில் வைகையின் இரு கரைகளிலும் கள ஆய்வு செய்து 293 தொல்லியல் இடங்களைப் பதிவு செய்தது. அவற்றுள் கீழடி தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. தமிழகத்தின் பழைய ஊர்கள் பலவற்றின் மீது இன்றும் மக்கள் வசிக்கிறார்கள். அங்கு வீடுகளை இடிக்காமல் தோண்ட முடியாது. கீழடி மேட்டின் மீதோ வீடுகள் இல்லை, தென்னந்தோப்புகளே இருந்தன. தோப்புகள் தனியார் நிலம் என்பதால் உரிமையாளரின் ஒப்புதல் பெற்று, மரங்களுக்கு இடையே குழிகள் இடப்பட்டன. ஆய்வு முடிந்த பின் பெரும்பாலான குழிகள் மண்ணிட்டு மூடப்பட்டன.

இம்மேட்டுக்கு உள்ளூரில் பள்ளிச்சந்தைத் திடல் என்று பெயர். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு அளிக்கப்பட்ட இறையிலி நிலம் கல்வெட்டுகளில் பள்ளிச்சந்தம் எனப்படும். திடலின் பெயர் அச்சொல்லை நினைவூட்டுகிறது. ஆனால் பெயரை வைத்து இங்கு ஒரு துறவியர் பள்ளியை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். வெளிப்பட்டவை குடியிருப்பும் தொழிற்கூடமும் சார்ந்த எச்சங்களே.

அகழாய்வுக் கட்டங்கள்

முதல் இரண்டு கட்டங்கள் (2015, 2016) தொல்லியல் கண்காணிப்பாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் நடைபெற்றன. இவற்றில் 102 குழிகள் தோண்டப்பட்டன. இரண்டாம் கட்டத்தில்தான் செங்கல் சுவர்களும் தொட்டிகளும் உலைகளும் நீர்செல்லும் வழிகளும் வெளிப்பட்டு, நாடெங்கும் கவனம் கிடைத்தது. 2017 இல் அவர் அசாமுக்கு மாற்றப்பட்டார். அடுத்து வேறொரு அதிகாரியின் கீழ் நடந்த மூன்றாம் கட்டத்தில் 400 சதுர மீட்டர் மட்டுமே தோண்டப்பட்டது. கட்டுமானங்களின் தொடர்ச்சி காணப்படவில்லை என்று அறிவிக்கப்பட்டது. பெரிய மேட்டில் இவ்வளவு சிறிய பரப்பைத் தோண்டி, தொடர்ச்சி இல்லை என்ற முடிவுக்கு வருவது எளிதல்ல.

2018 இல் நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை பணியை ஏற்றது. அக்கட்டத்தில் மட்டும் 5,820 தொல்பொருட்கள் கிடைத்தன. ஆறாம் கட்டத்திலிருந்து (2020) கொந்தகை, அகரம், மணலூர் ஆகிய அண்டை ஊர்களும் சேர்க்கப்பட்டன. இவற்றுள் கொந்தகை ஈமக்காடாகும். அங்கு முதுமக்கள் தாழிகள் வரிசையாக வெளிப்பட்டன.

கண்டெடுக்கப்பட்டவை

உறைகிணறுகள், நூல் நூற்கும் தக்களிகள், எலும்பாலான கூர்முனைகள், சூதுபவள மணிகள், தந்தச் சீப்பு, சுடுமண் பகடை, சிறுவர் விளையாடும் வட்டச் சில்லுகள் ஆகியன குறிப்பிடத்தக்கவை. கூரை ஓடுகளில் மழைநீர் வழிவதற்கான பள்ளங்களும், கயிற்றால் மரச்சட்டத்துடன் கட்டுவதற்கான துளைகளும் உள்ளன. அரசர்களைப் பற்றிய செய்தி எதுவும் இல்லாத இடத்தில், வீடு எப்படி வேயப்பட்டது என்பது இவ்வளவு தெளிவாகத் தெரிவது அரிது.

நான்காம் கட்டத்தில் 56 பானையோடுகளில் தமிழி எழுத்துகள் காணப்பட்டன. ஆதன், குவிரன் போன்ற ஆட்பெயர்களே இவற்றில் பெரும்பாலும் உள்ளன. இவை பானை சுடுவதற்கு முன்பும் பின்பும் வெவ்வேறு கைகளால் கீறப்பட்டவை என்பதால், எழுத்தறிவு குயவரிடம் மட்டும் இருக்கவில்லை என்று கருதப்படுகிறது.

ரோமானியத் தொடர்பைக் காட்டும் ரௌலட்டட், அரிட்டைன் வகை ஓடுகளும் சில கிடைத்தன. இத்தாலியில் உருவான அரிட்டைன் ஓடுகளைக் கொண்டே 1945 இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டின் காலத்தைக் கணித்தார். கீழடியில் ரோமானியரின் வீடோ பண்டகசாலையோ இல்லை. வைகை முகத்துவாரத்தை அடுத்த அழகன்குளத்தில் இறங்கிய சரக்கு ஆற்றுவழியே உள்நாட்டுக்கு வந்திருக்கலாம்.

காலக்கணிப்பு

முதலில் ஆய்வுக்கு அனுப்பப்பட்ட இரு கரி மாதிரிகள் கி.மு. 2 ஆம் நூற்றாண்டைச் சுட்டின. 2019 செப்டம்பரில் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில், 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்று கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டது. அமெரிக்காவின் மியாமியிலுள்ள பீட்டா ஆய்வகம் இச்சோதனையைச் செய்தது. இதன் அடிப்படையில் தமிழி எழுத்தின் தொடக்கம் கி.மு. 6 ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதுவரை கி.மு. 3 ஆம் நூற்றாண்டு, அதாவது அசோகர் காலமே பொதுவாகச் சொல்லப்பட்டு வந்தது.

இங்கு இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, கரிக்கே காலம் கணிக்கப்படுகிறது, ஓட்டுக்கு அல்ல. எழுத்துள்ள ஓடும் கரியும் ஒரே மண்ணடுக்கில், பின்னால் கலக்காமல் கிடந்தன என்று அடுக்கு அடுக்காகக் காட்டியாக வேண்டும். பொருந்தலில் எழுத்துப் பொறித்த பிரிமனையுடன் ஒரே ஈமச்சின்னத்தில் நெல் கிடைத்ததாலேயே, அந்த நெல்லுக்குக் கிடைத்த கி.மு. 490 என்ற காலத்துக்கு வலு அதிகம். இரண்டாவது, ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை கதிரியக்கக் கரிமத்தின் திருத்த வளைகோடு தட்டையாக உள்ளது. அக்காலத்து மாதிரி உலகில் எங்கு கிடைத்தாலும், விடை நூற்றாண்டுகள் அகன்ற ஒரு வரம்பாகவே வரும். எனவே 580 என்பதைத் துல்லியமான ஆண்டாகக் கொள்ளக் கூடாது. ஒரே மாதிரியை நம்புவதை விட, பல குழிகளிலிருந்து பல மாதிரிகளை ஒப்பிடுவதே சரியான வழி. பிந்தைய கட்டங்களில் அவ்வாறே செய்யப்பட்டது.

அறிக்கை குறித்த சர்ச்சை

முதல் இரு கட்டங்கள் குறித்த 982 பக்க அறிக்கையை அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் ஒப்படைத்தார். கீழடியின் தொடக்கம் கி.மு. 8 ஆம் நூற்றாண்டு என்று அதில் கூறப்பட்டிருந்தது. 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை, இக்காலம் மிக முந்தையது எனக் கூறித் திருத்தம் கோரியது. மண்ணடுக்குகளையும் கரிமச் சோதனைகளையும் கொண்டே காலம் தரப்பட்டது எனக் கூறி அவர் மறுத்தார். அடுத்த மாதமே மீண்டும் பணியிடம் மாற்றப்பட்டார். தமிழக அரசியல் கட்சிகள் இதைக் கண்டித்தன.

அருங்காட்சியகம்

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலினால் திறக்கப்பட்டது. கட்டடம் காரைக்குடிப் பகுதியின் செட்டிநாட்டு வீடுகளின் பாணியில், முற்றமும் தூண்களும் ஓட்டுக் கூரையுமாக அமைக்கப்பட்டுள்ளது. மாநிலத் துறை கண்டெடுத்த பொருட்கள் இங்குக் காட்சிக்கு உள்ளன. மேட்டின் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படாமல் தோப்புகளுக்கு அடியிலேயே உள்ளது.