ஒருமுனை மின்சாரமும் மும்முனை மோட்டாரும்



என்னிடம் பயின்ற ஒருவர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை கற்றவர். மனைவியின் நகையை அடகு வைத்துப் பழைய கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கித் திருவள்ளூரை அடுத்த தம் வீட்டில் நிறுவினார். அதன் மோட்டாருக்கு வேண்டுவது மும்முனை மின்சாரம். வீட்டில் இருந்ததோ ஒருமுனை. யாரோ சொன்னபடி மின்தேக்கி ஒன்றை இணைத்து ஓட்டினார். சில வாரங்களில் மோட்டாரின் சுருள் கருகிப்போயிற்று. ஏன்?

குடைராட்டினத்தைச் சுற்றி மூன்று சிறுவர் சம தூரத்தில் நின்று, ஒருவர்பின் ஒருவராகத் தள்ளினால் அது சீராகச் சுழலும். மும்முனை மின்சாரமும் 120 பாகை இடைவெளியில் அவ்வாறே தள்ளிச் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. 1889இல் ருஷ்யப் பொறியாளர் டோலிவோ-டோப்ரவோல்ஸ்கி இம்முறையில் மோட்டாரை அமைத்தார். ஒரே சிறுவன் நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் அசைத்தால், எப்பக்கம் சுழல்வதென்று ராட்டினம் அறியாது. ஒருமுனையின் நிலை அதுவே.

மின்தேக்கி, ஒரு சுருளின் மின்னோட்டத்தைக் காலத்தில் நகர்த்தி, இல்லாத சிறுவனின் வேலையைச் செய்கிறது. ஆயினும் சுமை மாறுந்தோறும் சமநிலை கெடும், சுருள் சூடேறும், முழுத் திறனும் கிட்டாது.

இன்றைய அதிர்வெண் மாற்றிக் கருவி, 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, அதிலிருந்து மும்முனையை உருவாக்குகிறது. ஆனால், மோட்டார் டெல்டா இணைப்பில் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று அதன் பெயர்த்தகட்டில் பார்த்தல் வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அனுமதியற்ற பயன்பாடாகும்.

அந்த மாணவர் பின்னர் முறைப்படி மும்முனை இணைப்பே பெற்றார். நகையும் மீண்டது.