ஒரே சேறு, இரண்டு சல்லடை

கார்த்திகை, மார்கழியில் கோடியக்கரைக்குப் போகிறவர்களின் கண்கள் தேடுவது பூநாரையைத்தான். வேதாரண்யம் சதுப்பு நிலத்தில் முழங்கால் அளவு நீரில் அது கூட்டமாக நிற்கும் அழகே அழகு. அதே நீருக்கடியில் மேய்கிற மடவை மீனை யாரும் தேடிப் போவதில்லை. சந்தையில் விலை கேட்பதோடு சரி. ஆனால், பூநாரையின் பிழைப்பும் மடவையின் பிழைப்பும் ஏறத்தாழ ஒன்றுதான்.

பூநாரை தலையைக் கவிழ்த்து அலகை நீரில் அமிழ்த்துகிறது. தடித்த நாக்கு நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்திலுள்ள சீப்பு போன்ற தகடுகளில் சிற்றிறாலும் பாசியும் தங்குகின்றன. அந்த உணவிலுள்ள நிறமிகள்தான் அதன் சிறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகின்றன. குஞ்சாக இருக்கும்போது அது சாம்பல் நிறம்தான்.

மடவையும் அடிச்சேற்றை வாயால் அள்ளி, செவுளில் உள்ள மெல்லிய முட்களால் சலிக்கிறது. அதை அரியும்போது வயிற்றுக்குள் கெட்டியான உருண்டை ஒன்று கையில் தட்டுப்படும். கோழிக்கு இருப்பது போன்ற அரைவைப்பை அது. விழுங்கிய மணலே அம்மியாகிப் பாசியை அரைக்கிறது. பறவைக்கு உரியதென்று நாம் நினைக்கும் உறுப்பு, மீனுக்குள்!

பிள்ளை வளர்ப்பில்தான் இரண்டும் எதிரெதிர். மடவை கடலுக்குப் போய் லட்சக்கணக்கில் முட்டையிட்டு அலையிடம் விட்டுவிடும். தப்பிய குஞ்சுகள் முகத்துவாரம் வழியே கழிக்குள் வந்து வளரும். பூநாரை சேற்றைக் குவித்து ஒரே ஒரு முட்டை இடும். தாயும் தந்தையும் தொண்டையில் சுரக்கும் பாலை ஊட்டும். இந்தியாவில் அது பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கட்ச் ரண்.

கோடியக்கரை 1967-இல் சரணாலயமானது. அதிராம்பட்டினம் வரை நீளும் 38,500 ஹெக்டேர் ஈரநிலம் 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அறிவிப்பு மட்டும் போதாது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் வந்து உப்பைத் தணிக்க வேண்டும். கடல்நீர் ஏறி இறங்க முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். காவிரியின் கிளைகளான பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் நன்னீர் குறைந்து, முகத்துவாரம் மணலால் தூர்ந்தால், மடவைக் குஞ்சுக்கு உள்ளே வர வழியில்லை. பூநாரைக்குச் சலிக்கத் தண்ணீரும் இல்லை.

பறவைகளை எண்ணும் அதே அக்கறையோடு முகத்துவாரங்களையும் கவனிப்போம். கடலுக்குப் போய்ச் சேரும் காவிரி நீரை வீண் என்று இனியும் சொல்லாதிருப்போம்.