ஆசாகான் காட்டுக்கு எந்தக் கத்தி?

சென்ற வாரம் மழைத்துணி கட்டும் முறையைப் பார்த்தோம். தலைக்கு மேல் கூரை ஆயிற்று. அடுத்தது விறகு, கம்பு, படுக்கைக்குத் தழை. இவை எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய கத்தி வேண்டும். ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துப் பிள்ளைகள் ஆசாகான் வழியாகக் குனோங் லேடாங் அடிவாரத்துக்குப் போகும்போது கொண்டுவரும் கத்திகளைப் பார்க்கிறேன். கறுப்புச் சாயம், முதுகில் ரம்பப் பல், திருகினால் கழன்று வரும் கைப்பிடி, அதற்குள் தூண்டில் முள்ளும் தீக்குச்சியும். பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கின்றன.

1982-இல் வந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படம்தான் இந்த வகைக் கத்தியை உலகம் முழுக்கப் பரப்பியது. படத்துக்குக் கத்தி செய்து கொடுத்த ஜிம்மி லைல் தேர்ந்த கைவினைஞர். அதைப் பார்த்து மலிவாகச் செய்யப்படுபவை அப்படியல்ல. உள்ளே குழலாக இருக்கும் கைப்பிடிக்குள் அலகின் இரும்பு ஆழமாக இறங்காது. ஒரு திருகாணியோ ஒட்டுப்போட்ட இடமோதான் இரண்டையும் பிடித்திருக்கும். ஈரக்கட்டையில் நாலு வெட்டு ஓங்கி வெட்டினால் அங்கேதான் முறியும். முறிந்த அலகு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த வகையை வாங்கவே வேண்டாம்.

குளிர்நாட்டுக் காடுகளில் பைன் மரத்தைப் பிளக்கக் கோடரியும், நுணுக்க வேலைக்குச் சின்னக் கத்தியும் போதும். நம் காடு வேறு. மூங்கிலும் ரோத்தானும் கொடியும் பின்னிக் கிடக்கும். விழுந்து கிடக்கும் மரமெல்லாம் மேலே நனைந்திருக்கும். பிளந்தால்தான் உள்ளே உலர்ந்த வைரம் கிடைக்கும், நெருப்பு பிடிக்கும். வீசினால் கொடி அறுபட வேண்டும், தட்டினால் கட்டை பிளக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்வது பாராங் என்னும் மலாய்ப் பெருங்கத்திதான்.

அது நமக்குப் புதிதல்ல. தோட்ட முதலாளி டான் சாய் யான் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கிலும் அடுத்துப் புக்கிட் ஆசாகானிலும் ரப்பர் நட்டார். மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராகத் தொடங்கிய இடங்களில் அவையும் அடங்கும். அந்த வட்டாரத்துத் தோட்டங்களில் நம்மவர்கள் பல தலைமுறையாக வாழ்ந்தார்கள். பால் வெட்டும் கத்தி பட்டையை மெல்லச் சீவ மட்டும்தான். லாலாங் புல் அழிக்க, விறகு பிளக்க, தேங்காய் உரிக்க, பந்தலுக்கு மூங்கில் தறிக்க எல்லாம் லயத்து வீட்டின் பாராங்தான். மலாய்க் கம்பத்துக் கொல்லன் அடித்ததை நம் தாத்தாக்கள் வாங்கிப் பழகினார்கள்.

1948 முதல் 1960 வரையிலான மலாயா அவசரகாலத்தில் காட்டுக்குள் போன பிரிட்டிஷ் படையினரும் இதே வகைக் கத்தியைத்தான் நம்பினார்கள். பர்மிங்ஹாம் நகரின் மார்ட்டிண்டேல் கம்பெனி முதலை முத்திரையுடன் செய்த கோலோக் கத்தி, நம் பகுதியின் வடிவத்தைப் பார்த்துச் செய்ததுதான். கூர்க்கா வீரர்கள் குக்ரி வைத்திருந்தார்கள். கட்டை வெட்டக் குக்ரி அருமையான கத்தி. ஆனால் முதுகு தடித்து, நீளம் குறைந்தது என்பதால் கொடி அறுத்து வழி போட அது எனக்கு ஒத்துவரவில்லை.

கடையில் பாராங்கைக் கையில் எடுத்ததும் பாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாதி நீளத்துக்கும் முன்னால் தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் கத்தியின் எடையே வெட்டும், தோள் வலிக்காது. அலகு 25 முதல் 35 சென்டிமீட்டர், பிடியோரம் முதுகுத் தடிப்பு 4, 5 மில்லிமீட்டர், எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். முதன்முறை வாங்குகிறவருக்கு இது போதும். அதற்கு மேல் கனமானதை மாலை வரை சுமந்து வீச முடியாது; களைத்த கைதான் காலை வெட்டிக்கொள்ளும். நல்ல பாராங்கில் விளிம்பு முழுவதும் ஒரே கூர் இருக்காது. நடுப்பகுதி சற்றுத் தடித்து வெட்டுக்கு, நுனி மெல்லியதாகத் தோல் உரிக்க, பிடியோரம் கம்பு சீவ.

இரும்பு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ‘ஸ்டெயின்லெஸ்’ என்றால் எளிதில் துரு பிடிக்காது, அவ்வளவுதான். மலிவான ரகம் சீக்கிரம் மழுங்கும். டி2 என்கிற எஃகில் கூர் நிற்கும். ஆனால் கார்பன் ஒன்றரை சதவீதம் வரை இருப்பதால் ஓங்கி வெட்டினால் விளிம்பு சில்லு சில்லாகத் தெறிக்கலாம். கொல்லர்கள் பழைய லாரியின் வில் தகட்டை அடித்துக் கத்தி செய்தது சும்மா அல்ல. அந்த வகை எஃகில் கார்பன் 0.6 சதவீதம் அளவில்தான் இருக்கும். அடியைத் தாங்கும், காட்டிலேயே தீட்டிக்கொள்ளலாம். பழைய ஆள்கள் விளிம்பில் அரத்தை லேசாக இழுத்துப் பார்ப்பார்கள். வழுக்கிக்கொண்டே போனால் கடினம் மிகுதி, உடையும். ஆழமாகக் கடித்தால் பச்சை இரும்பு, வளையும். கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். அலகை நகத்தால் சுண்டிக் கேளுங்கள். சத்தம் மணிபோல் ஓடாமல் செத்து விழுந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம்.

கைப்பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று கேளுங்கள். முழு நீளத்துக்குப் பட்டையாகப் போவதுதான் உறுதி என்று பலரும் சொல்கிறார்கள். உறுதிதான். ஆனால் ஒவ்வொரு வெட்டின் அதிர்வும் நேரே மணிக்கட்டுக்கு வரும். மரப்பிடிக்குள் கூம்பாக இறங்கி டாமார் பிசினில் இறுகிய பழைய முறையில் அந்த அதிர்வு குறைவு, பிடி உடைந்தால் காட்டிலேயே மாற்றலாம். எனக்கு அதுவே பிடிக்கும். பிடியின் நுனி கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். வியர்த்த கை நழுவாமல் காப்பது அந்த வளைவுதான்.

உறை தோலாக இருந்தால் நம் ஈரத்தில் பூசணம் பிடித்துக் கத்தியையும் துருவாக்கும். மரமோ பிளாஸ்டிக்கோ நல்லது. கத்தியை உருவும்போது உறையை முதுகுப் பக்கமாக மட்டும் பிடியுங்கள். கூர்ப்பக்கம் விரல்களைச் சுற்றிப் பிடித்தால், உறையைப் பிளந்துகொண்டு அலகு விரலுக்கு வரும். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாக இதைச் சொல்லிக்கொடுங்கள்.

வாங்கியதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊருக்குள் நடக்காதீர்கள். சட்டப்படியான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருந்தால், 1958-ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், ஆபத்தான ஆயுதங்கள் சட்டத்தின் 6(1) பிரிவின்படி 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. பாராங் என்றாலே சண்டை என்று நினைக்கும் அளவுக்குச் செய்திகள் வந்துவிட்டன. நம் பையன்கள் மேல் சந்தேகம் விழ இன்னொரு காரணம் வேண்டாம். வனக் காப்பகத்துக்குள் அனுமதியின்றி மரம் வெட்டுவதும் 1984 தேசிய வனச் சட்டப்படி குற்றம். அனுமதி இருந்தாலும் விழுந்து கிடப்பதையே எடுங்கள். போகும் வழியில் கத்தியை உறையிலிட்டுத் துணியில் சுற்றி, காரின் பின்பெட்டியில் கூடாரப் பைக்கு அடியில் வையுங்கள். காட்டுக்குள் போகும் அனுமதிக் கடிதம் கையோடு இருக்கட்டும். சாப்பிட ஆயர் குரோவில் இறங்கினாலும் கத்தி காருக்குள்ளேயே இருக்கட்டும்.

(தொடரும்)