கூடைக்காரிகளின் பாங்கி

மயிலாப்பூர் மாட வீதிகளில் காய்கறி வாங்காத குடும்பம் அந்தப் பக்கத்தில் இருப்பது அரிது. கத்தரிக்காய்க்குப் பேரம் பேசி, கொசுறாகக் கறிவேப்பிலையும் கேட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். கூடைக்காரியின் முதல் எங்கிருந்து வந்தது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருப்போம்?

விடியற்காலையில் 90 ரூபாய் கையில் வாங்கி, பொழுது சாய்வதற்குள் 100 ரூபாயாகத் திருப்பித் தருவது பட்டணத்துச் சில்லறை வியாபாரிகளிடையே வெகுகாலமாக உள்ள ஏற்பாடு. நாளெல்லாம் வெயிலில் நின்றவளுடைய லாபத்தில் பெரும் பங்கு வட்டிக்காரனுக்குப் போய்ச் சேரும்.

ஸ்ரீமதி ஜெயா அருணாசலம் காங்கிரஸ் ஊழியராக இருந்தவர். 1970-களின் பிற்பகுதியில் சென்னைக் குடிசைப் பகுதிகளில் வெள்ள நிவாரண வேலையில் அவர் ஈடுபட்டபோது, அங்குள்ள பெண்கள் தங்களுக்கு வேண்டியது தர்மம் அல்ல, தொழிலுக்குக் கடன் என்பதை அவருக்குத் தெளிவாக உணர்த்தினார்கள். அதன் பயனாக 1978-இல் பிறந்ததே மயிலாப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்'. உழைக்கும் மாதர் மன்றம் என்று நாம் சொல்லலாம். ஆடவருக்கு அதில் அங்கத்தினராக இடமில்லை. கட்சி அரசியலுக்கும் இடமில்லை.

ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தரும் சர்க்கார் திட்டம் 1972 முதலே பாங்கிகளில் இருந்தது. 100 ரூபாய்க்கு வருஷ வட்டி 4 ரூபாய். வட்டிக்காரனோ ஒரே பகலில் 10 ரூபாய் பெற்றுக்கொண்டிருந்தான்! ஆயினும் சொத்தும் ஜாமீனும் எழுத்தறிவும் இல்லாதவள் பாங்கிப் படி ஏறுவது எப்படி?

பத்து முதல் இருபது அண்டைவீட்டுப் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, தங்களுள் ஒருத்தியைத் தலைவியாக்கினார்கள். ஒருத்தியின் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பு. யார் நாணயமானவள், யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று தீர்மானித்தவள் அந்தத் தலைவியே. பரீட்சை வைத்து மார்க்குப் போட்டே பழகிய எம்போன்ற உபாத்தியாயர்களுக்கு இது சற்று வியப்பாகத்தான் இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்களிடையே 'எஸூஸூ' என்று ஒரு முறை உண்டு. நம் சீட்டைப் போலவே எல்லோரும் பணம் போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். அங்கும் ஒருவரையொருவர் அறிந்திருப்பதே ஜாமீன்.

கடன்கள் ஒழுங்காகத் திரும்பின. சங்கடம் வேறிடத்தில் இருந்தது. பாங்கி திறந்திருக்கும் நேரமும் வியாபார நேரமும் ஒன்றாகவே இருந்தன, படிவங்களோ முடிவதில்லை. ஆகவே 1981-இல் இப்பெண்கள் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். பங்கு வாங்கியவளே கடன் வாங்கினாள். நிர்வாகத்திலும் அவர்களுக்கு இடமிருந்தது. இதை நான் கடனைவிடப் பெரிய காரியமாக மதிக்கிறேன்.

மன்றம் சென்னையோடு நிற்கவில்லை. ஆந்திர தேசத்தில் நரசாபுரத்து லேஸ் பின்னும் பெண்களையும் அது திரட்டியது. அதே ஆந்திராவில், லாபத்துக்காகக் கடன் கொடுத்த கம்பெனிகள் பிற்காலத்தில் பெருகின. அவையும் குழு ஜாமீனையே நம்பின; ஆனால் கடன் வாங்கியவர்களுக்கு அக்கம்பெனிகளில் பங்குமில்லை, பேச்சுமில்லை. வசூல் நெருக்கடியால் தற்கொலைகள் நேர்ந்ததாகப் புகார் எழுந்து, 2010-இல் ராஜ்ய சர்க்கார் அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. அண்டைவீட்டாரின் ஜாமீன் ஒருத்தியைத் தாங்கவும் செய்யும், நெருக்கவும் செய்யும் என்பதை இந்த மன்றத்தைப் புகழ்கிறவர்களும் மறக்கலாகாது.

ஜெயா அருணாசலம் 2019-இல் காலமானார். தவணை தவறிய அங்கத்தினரின் வீட்டுக்குப் போய், கணவனுக்குச் சீக்கா, வியாபாரத்தில் நஷ்டமா என்று முதலில் விசாரிக்க வேண்டியவள் அதே தெருவில் குடியிருந்த குழுத் தலைவிதான்.