பதில் சொல்லும் தேடல் கருவி: எதுவரை நம்பலாம்?



இப்போது மருந்துக் கடைக்குப் போகும் முன்பே செல்போனைக் கேட்டுவிடும் பழக்கம் மலையிலும் வந்துவிட்டது. "காப்பிச் செடி மஞ்சளாகி வாடுது, தண்டுல வரப்பு மாதிரி மேடு தெரியுது, என்ன அடிக்கலாம்?" என்று பேசினால் போதும். ஏ.ஐ. தேடல் கருவி பத்து வரியில் பதில் எழுதித் தந்துவிடுகிறது. இந்தக் கருவிகளை ஆராய்ச்சியாளர்கள் சோதித்திருக்கிறார்கள். அவர்கள் எதை அளந்தார்கள், எதை அளக்கவில்லை என்பதை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில் கருவி வேலை செய்யும் விதம். பழைய தேடலில் பக்கங்களின் பட்டியல் வரும். படித்து முடிவெடுப்பது நம் பொறுப்பு. புதிய கருவி இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, இணையத்தில் தேடிச் சில பக்கங்களைப் பொறுக்கி எடுக்கிறது. இரண்டு, அவற்றை வைத்துக்கொண்டு தானே ஒரு பதிலை எழுதி, எங்கிருந்து எடுத்தது என்று ஓரத்தில் எண் போட்டுக் காட்டுகிறது. எழுதும் பகுதி, ஏராளமான எழுத்துகளைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று பழகிய எந்திரம். ஆகவே பொறுக்குவதிலும் பிழை வரலாம், எழுதுவதிலும் பிழை வரலாம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2023-ல் இப்படிப்பட்ட நான்கு கருவிகளைச் சோதித்தார்கள். கருவி எழுதிய வாக்கியங்களில் சராசரியாக 51.5 சதவீதம்தான் காட்டிய ஆதாரத்தில் முழுமையாக இருந்தன. காட்டிய ஆதாரங்களில் 74.5 சதவீதம்தான் அந்தந்த வாக்கியத்துக்குப் பொருந்தின. இன்னொன்றும் தெரிய வந்தது. படிப்பவருக்கு ரொம்பப் பயனுள்ளதாகத் தோன்றிய பதில்களில்தான் ஆதாரம் பலவீனமாக இருந்தது. பேச்சு இனிப்பாக இருப்பதை வைத்துப் பதிலை எடை போடக் கூடாது என்பது இதில் நமக்குப் பாடம்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், டில்லி ஐ.ஐ.டி. முதலிய இடங்களைச் சேர்ந்தவர்கள் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கத்தில் புள்ளிவிவரமும் மேற்கோளும் சேர்த்தால், ஏ.ஐ. பதிலில் அந்தப் பக்கத்துக்குக் கிடைக்கும் இடம் 40 சதவீதம் வரை கூடலாம் என்று 2024-ல் வெளியிட்டார்கள். அவர்கள் அளந்தது கண்ணில் படுவதை; உண்மையை அல்ல. சரக்கு விற்பவரும் இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளலாம் அல்லவா?

இவை நல்ல ஆராய்ச்சிகளே. ஆனால் சமவெளிப் பண்ணையில் கிடைத்த மகசூலை அப்படியே தலைச்சோலைச் சரிவில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதே கணக்குத்தான் இங்கேயும். ஸ்டான்ஃபோர்டு சோதனையில் கேட்டவை ஆங்கிலக் கேள்விகள்; தமிழில் கேட்டால் எப்படி என்று அது சொல்லாது. கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அன்று சோதித்த நான்கில் நீவா என்ற ஒன்று அதே ஆண்டில் மூடப்பட்டுவிட்டது.

எல்லாவற்றையும் விட முக்கியமான எல்லை ஒன்று உண்டு. பதிலும் ஆதாரமும் ஒத்துப்போகிறதா என்பதுதான் அந்தச் சோதனை. ஆதாரமே காலாவதியானதா என்பதை அது கேட்கவில்லை.

நம் 'போரர்', அதாவது வெள்ளைத் தண்டுத் துளைப்பானையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் இதற்குத் தண்டில் லிண்டேன் பூசச் சிபாரிசு இருந்தது. இந்தியாவில் லிண்டேன் தயாரிப்பு 2011 மார்ச்சிலும், உபயோகம் 2013 மார்ச்சிலும் தடை செய்யப்பட்டன. கருவி ஒரு பழைய பிரசுரத்தைப் பொறுக்கி, அதில் உள்ளபடியே எழுதி, சரியாக எண்ணும் போட்டால், சோதனைக் கணக்கில் அதற்கு முழு மார்க். தோட்டத்திலோ அது தடை செய்யப்பட்ட நஞ்சு. மருந்து பூசும் ஆளின் உடம்புக்கும் ஓடைத் தண்ணீருக்கும் கேடு.

அப்படியானால் கருவியே வேண்டாமா? அப்படியில்லை. பூச்சியின் பெயர், வாழ்க்கைச் சுழற்சி, யாரிடம் விசாரிப்பது ஆகியவற்றை அறிய அது உதவும். மருந்து, அளவு, அடிக்கும் நாள் என்று வந்துவிட்டால் மட்டும் மூன்று விஷயம் பாருங்கள். எண்ணைத் தொட்டு மூலப் பக்கத்தைத் திறந்து, அது எந்த வருஷத்தது, எந்த ஊர்ப் பயிருக்குச் சொன்னது, சொன்னவர் ஆராய்ச்சி நிலையமா விற்பனையாளரா என்று கவனியுங்கள். மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் மருந்து வாங்காதீர்கள். ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ, காப்பி வாரிய அலுவலரிடமோ, 1800-180-1551 என்ற இலவச உழவர் அழைப்பு மையத்திலோ கேட்டுக்கொள்ளலாம்.

போரருக்கு இன்றும் முதல் வைத்தியம் கைவேலைதான். புழு தண்டுக்குள் புகுந்த பிறகு மேலே பூசுவது அதை எட்டாது. வண்டு பறப்பது ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும். அதற்கு முன், மார்ச்சிலும் செப்டம்பரிலும் செடி செடியாகப் பார்த்து, தாக்குண்டவற்றை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். நிழல் மரங்களைக் குறைக்காதீர்கள். வெயில் பட்ட தண்டைத்தான் வண்டு தேடி வரும். அந்தத் தண்டைத் தடவிப் பார்க்கும் வேலையை எந்தக் கருவியும் உங்களுக்காகச் செய்யாது.